கருமணலும் வெண்பொடியும்

திருவனந்தபுரத்திலிருந்து கடற்கரை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், குளச்சலைக் கடந்ததும் மணவாளக்குறிச்சி என்னும் ஊரை அடைவர். நெடுங்காலம் திருவாங்கூர் மன்னர்களின் ஆட்சியில் இருந்து, 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது அவ்வூர். அதன் கரையில் மணல் கருநிறமாகக் கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் பொங்கிவரும் அலைகள் எடை குறைந்த வெண்மணலை அள்ளிக்கொண்டு போக, எடை மிகுந்த கருமணல் மட்டும் கரையில் படிந்து நிற்கும். முறத்தில் அரிசி புடைக்கும் பெண்கள் செய்யும் வேலையையே அங்குக் கடல் செய்துவருகிறது எனலாம்.

இம்மணலின் பெருமையை உலகறியச் செய்தது ஒரு கயிறு. 1909ஆம் ஆண்டில் ஷாம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர், திருவாங்கூரிலிருந்து வந்த தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட்டு இருப்பதைக் கண்டார். காஸ் விளக்குகளின் வலைத்திரிக்கு வேண்டிய தோரியம் மோனசைட்டிலிருந்து கிடைத்தமையால், வெளிநாட்டு வணிகர் மணவாளக்குறிச்சியைத் தேடி வந்தனர். மோனசைட்டைப் பிரித்த பின் மிஞ்சிய கரிய மணல், இல்மனைட்டு என்னும் தாது. இரும்பும் டைட்டேனியமும் பிராணவாயுவோடு கூடி அமைந்தது அது. முதலில் எவரும் அதை மதிக்கவில்லை. 1922 முதல் கப்பலேறத் தொடங்கிய இல்மனைட்டு, 1930களின் இறுதியில் உலகச் சந்தையின் பெரும்பகுதியைத் தன்வயப்படுத்தியிருந்தது. அதிலிருந்து எடுக்கப்படும் டைட்டேனியம் டை ஆக்ஸைடு என்னும் பொடி, ஈயத்தாலான பழைய வெள்ளைச் சாயத்தைவிட வெண்மையும் மறைக்கும் ஆற்றலும் மிக்கது. ஈயத்தின் நச்சுத்தன்மையும் அதற்கில்லை. கரிய மணலின் உள்ளே உலகிலேயே மிக வெண்மையான பொருள்களுள் ஒன்று ஒளிந்திருந்தது.

அந்த வெண்பொடியின் வாணிப வரலாற்றை விரிப்பது நமது கருத்தன்று. அதே பொடி, கண்ணுக்குப் புலனாகாத நுண்துகளாகி நீரில் கலக்கும்போது, அந்நீரில் ஏற்கெனவே கலந்திருக்கும் சாயம், பூச்சிமருந்து, எண்ணெய் முதலிய கரிமப் பொருள்களோடு எவ்வாறு உறவாடுகிறது என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம். நீரைத் தூய்மை செய்யும் அற்புதப் பொடி என்று ஒரு சாராரும், நீரைக் கெடுக்கும் புதிய நஞ்சு என்று மற்றொரு சாராரும் நானோ துகளைப் பற்றிப் பேசக் கேட்கிறோம். இவ்விரு கூற்றுக்கும் இடமளிக்கும் வரலாறு, திருவனந்தபுரத்தின் கடற்கரையிலும் ஆராய்ச்சிக் கூடத்திலும் நடந்திருக்கிறது.

நுண்துகளைக் கொண்டு நீரைத் தெளியவைப்பது நமக்குப் புதிதன்று. கலங்கல் நீர் நிரம்பிய மட்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துத் தெளியவைத்தனர் நம் முன்னோர். கலித்தொகைக் காலத்திலேயே அவ்வழக்கம் இருந்தது. கலங்கல் என்பது நீரில் மிதக்கும் களிமண் நுண்துகள்களே. அவை ஒவ்வொன்றும் ஒரேவகை மின்னேற்றம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்கி, அடியில் படியாமல் நிற்கின்றன. கொட்டையின் சாறு அவற்றைப் பிணைத்துத் திரளச் செய்கிறது. திரண்டவை கனத்தால் இறங்குகின்றன. கரமனையாற்றின் குறுக்கே அருவிக்கரையில் அணை கட்டி, 1933ஆம் ஆண்டில் வில்லிங்டன் பிரபுவின் பெயரால் திருவனந்தபுரத்திற்குக் குழாய்நீர் கொண்டுவரப்பட்டது. இத்தகைய நீர்நிலையங்களில் இடப்படும் படிகாரமும் தேற்றாங்கொட்டையின் வேலையையே செய்கிறது. படிகாரம் நீரில் பட்டவுடன் அலுமினிய ஹைட்ராக்ஸைடு என்னும் பஞ்சுபோன்ற நுண்துகளாகிறது. இலைதழை அழுகிக் கரைந்த கரிமப் பொருளில் ஒரு பகுதி அப்பஞ்சின்மேல் ஒட்டிக்கொண்டு அதனோடு இறங்கிவிடுகிறது.

மேலைநாட்டு விஞ்ஞானிகள் இத்துறையில் சென்ற நூற்றாண்டுக்கும் முந்தியே புகுந்தனர். 1857இல் மைக்கேல் ஃபாரடே தங்கத்தை நீரில் மிக நுண்ணியதாகப் பரப்பி, அது மஞ்சளாக இராமல் செந்நிறமாகத் தோன்றுவதை விளக்கினார். 1861இல் தாமஸ் கிரஹாம் இத்தகைய கலவைகளுக்குக் ‘கொலாய்டு’ என்று பெயரிட்டார். நமது மாணவர்கள் கூழ்மம் என்று படிப்பது அதுவே. நானோ என்னும் பெயர் பின்னர் வந்தது, பொருள் பழையதுதான்.

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு ஒரு நானோ மீட்டர். தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோ மீட்டர் ஆகும். நூறு நானோ மீட்டருக்கு உட்பட்டதை நானோ துகள் என்பர். அளவு சிறுத்தால் என்ன நேரிடும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். பக்கத்திற்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள கற்கண்டுக் கட்டியின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியைப் பக்கத்திற்குப் பத்து நானோ மீட்டர் உள்ள சிறு கட்டிகளாக வெட்ட முடியுமானால், எடை சிறிதும் கூடாமல் மொத்தப் புறப்பரப்பு 600 சதுர மீட்டராகிவிடும். அதாவது, ஏறத்தாழ பதினைந்து சென்ட் நிலம்! ஒரு கைச்சிமிழில் அடங்கும் பொடிக்குள் ஒரு வீட்டுமனைக்கு மேற்பட்ட பரப்பு மடிந்து கிடக்கிறது. நீரில் உள்ள மாசு வந்து ஒட்டுவது அப்பரப்பின் மீதே. இதைப் பரப்புக் கவர்ச்சி என்று கூறுவர்.

இனி வெண்பொடியிடம் மீள்வோம். டைட்டேனியத்தை 1791இல் முதன்முதலாகக் கண்டவர் வில்லியம் கிரெகர் என்னும் ஆங்கிலப் பாதிரியார். கார்ன்வால் பகுதியில் ஓடையோரத்துக் கருமணலில் அவர் அதைக் கண்டார். 1795இல் ஜெர்மானியரான கிளாப்ரோத் அதற்குக் கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயரைச் சூட்டினார். அதன் ஆக்ஸைடு வாணிபச் சாயமாகப் பெருமளவில் உருவானது முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தில்தான். கருமணலை அயல்நாட்டிற்கு விற்று வெண்பொடியை விலை கொடுத்து வாங்குவது சரியன்று என்று எண்ணிய திருவாங்கூர் அரசின் முயற்சியால், 1946இல் திருவாங்கூர் டைட்டேனியம் புராடக்ட்ஸ் நிறுவனம் தோன்றிற்று. திருவனந்தபுரத்தின் வடமேற்கே கொச்சுவேளியில் அமைந்த ஆலை 1951இல் உற்பத்தியைத் தொடங்கியது.

அவ்வாலையின் முறை கந்தகத் திராவக முறை எனப்படும். பொடித்த இல்மனைட்டைச் செறிந்த கந்தகத் திராவகத்தில் கரைத்து, இரும்பை அன்னபேதியாக உறையவைத்துப் பிரித்து, எஞ்சிய கரைசலைக் கொதிக்கவைத்தால் டைட்டேனியம் வெண்மையான வீழ்படிவாக இறங்கும். அதைச் சூளையிலிட்டுச் சுட்டெடுத்தால் வெண்பொடி கிடைக்கும். இவ்வாறு கிடைப்பது அனட்டேஸ் என்னும் படிக வகை. இப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம். ஆனால் சூளைக்குள் சென்றதன் கணக்கைப் போலவே சூளைக்குள் செல்லாததன் கணக்கும் ஒன்று உண்டு. இம்முறையில் நீர்த்த திராவகமும் அன்னபேதியும் கழிவாக மிஞ்சும். பல ஆண்டுகள் அக்கழிவு வேளிக் கடலில் விடப்பட்டது. அன்னபேதி கடல்நீரில் பிராணவாயுவோடு கூடித் துருவாக மாற, அலை செம்பழுப்பாகியது. கரையோர மீனவர் அதைக் குறித்து நெடுநாள் முறையிட்டனர். அவர்களுடைய முறையீட்டை வளர்ச்சியின் பேரால் ஒதுக்கித் தள்ளியது முறையன்று என்பதே நமது கருத்து.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் செம்பழுப்புத் துருவும் நீரில் நுண்துகளே. இரும்பு ஹைட்ராக்ஸைடு கரிமப் பொருள்களை ஒட்டவைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஒட்டியதைச் சுமந்துகொண்டு அடிச் சேற்றில் இறங்கும். ஆகவே துகளும் மாசும் நீரில் சந்திக்கும் நிகழ்ச்சி, நானோ என்ற சொல் வழங்குவதற்கு முன்பே அக்கரையில் நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது.

வெண்பொடியின் மறைந்த குணம் வெளிப்பட்ட வரலாறு சுவையானது. அது முதலில் ஒரு குறையாகவே வெளிப்பட்டது. டைட்டேனியம் வெள்ளை பூசிய சுவர்களும் பலகைகளும் வெயிலில் சில ஆண்டுகள் நின்றால், தொட்ட விரலில் சுண்ணாம்புபோல் மாவு ஒட்டுவதை வர்ணக்காரர்கள் கண்டனர். எண்ணெய்ப் பசையே வர்ணத்தைச் சுவரில் பிடித்து வைப்பது. அது சிதைந்து வெண்பொடி உதிர்ந்தது. 1921இல் ரென்ஸ் என்னும் விஞ்ஞானி, கரிமப் பொருள் உடனிருக்கும்போது வெயிலில் டைட்டேனியம் டை ஆக்ஸைடு நிறம் மாறுவதை எழுதினார். 1938இல் குட்டீவ், கிச்சனர் என்ற இருவர், இப்பொடி ஒளியின் துணையால் சாயத்தை வெளுக்கச் செய்வதை அளந்து காட்டினர். அனட்டேஸ் வகையே இதில் முன்னின்றது. வர்ண ஆலைகள் இக்குணத்தை அடக்க வழி தேடின. துகளின்மேல் அலுமினா, சிலிக்கா முதலியவற்றைப் போர்த்தினர். எண்ணெய்ப் பசையைத் தின்னும் பொடி, நீரில் கலந்த எண்ணெயையும் தின்னுமே என்று எண்ணிப்பார்க்க மேலும் நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன!

1972இல் புஜிஷிமாவும் ஹோண்டாவும், டைட்டேனியம் டை ஆக்ஸைடு மின்வாயில் ஒளி பட்டால் நீர் பிராணவாயுவாகவும் நீரகவாயுவாகவும் பிரிவதை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே எண்ணெய் விலை உலகெங்கும் ஏறியதால், வெயிலைக்கொண்டு எரிவாயு செய்யலாம் என்ற ஆசையில் உலகம் அக்கட்டுரையைப் படித்தது. அந்த ஆசை பெரும்பாலும் கைகூடவில்லை. கிளைவழி ஒன்று கைகூடியது. 1976இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள், எளிதில் அழியாத குளோரின் சேர்ந்த கரிமச் சேர்மங்களை இப்பொடியும் ஒளியும் சேர்ந்து நீரிலேயே சிதைப்பதைக் கண்டனர். 1977இல் ஃபிராங்க், பார்டு என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் சயனைடை அவ்வாறு மாற்றினர். 1985இல் ஜப்பானில் மட்சுனாகா குழுவினர் கிருமிகளும் அழிவதைக் காட்டினர்.

எப்படி அழிகிறது? 388 நானோ மீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் அனட்டேஸ் துகளின்மேல் விழுந்தால், ஓர் எலக்ட்ரான் தன் இடத்தை விட்டுக் கிளம்பும். அது விட்டுச்சென்ற இடம் ஒரு வெற்றிடமாகும். வெற்றிடம் நீரிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்க, ஹைட்ராக்ஸில் என்னும் மிகக் கொடிய வேகமுள்ள மூலக்கூற்றுத் துண்டு பிறக்கும். கிளம்பிய எலக்ட்ரான் பிராணவாயுவைப் பற்றி மற்றொரு தாக்கும் பொருளை உண்டாக்கும். இவையிரண்டும் சாயத்தையும் மருந்தையும் துண்டு துண்டாக அறுத்து, முடிவில் கரியமில வாயுவாகவும் நீராகவும் உப்பாகவும் ஆக்கிவிடக் கூடும். பொடியோ செலவாவதில்லை.

கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் இதில் மூன்று முட்டுக்கட்டைகள் உள. கிளம்பிய எலக்ட்ரான் பெரும்பாலும் தன் வெற்றிடத்திலேயே மீண்டும் விழுந்துவிடுகிறது. பட்ட ஒளியில் பெரும்பங்கு வீண். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரோ நூற்றுக்கு 5 பங்கைத் தாண்டாது. இவ்விரண்டிலும் பெரியது மூன்றாவது. பிறந்த ஹைட்ராக்ஸில் துண்டின் ஆயுள் கண்ணிமைக்கும் நேரத்தில் மிகச் சிறு பங்கே. அது தொலைதூரம் சென்று மாசைத் தேட முடியாது. மாசுதான் துகளைத் தேடி வந்து ஒட்டியிருக்க வேண்டும், அல்லது அதன் வாயிலில் நிற்க வேண்டும். எனவே எல்லாம் அந்த ஒட்டுதலைப் பொறுத்தது. ஒட்டுதலோ நீரைப் பொறுத்தது.

டைட்டேனியம் டை ஆக்ஸைடு துகள் புளிப்பு நீரில் நேர்மின்னேற்றமும், காரநீரில் எதிர்மின்னேற்றமும் கொள்ளும். பி.எச். ஏறத்தாழ ஆறு என்னும் இடத்தில் மின்னேற்றம் இன்றி நிற்கும். அங்குத் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் வலியிழந்து திரண்டுவிடும். உப்பு மிகுந்த நீரிலும் அவ்வாறே திரளும்; திரண்டால் பதினைந்து சென்ட் நிலம் சுருங்கி ஒரு திண்ணையளவு ஆகிவிடும். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆற்றுநீரில் இயற்கையாகவே கரைந்துள்ள இலைதழைச் சாறு இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் குடிநீரில் ஒரு பூச்சிமருந்துக்கு விதித்துள்ள வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம்; அதாவது ஒரு கோடி லிட்டரில் ஒரு கிராம். அதே நீரில் இலைதழைச் சாறு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் மட்டுமே இருப்பதாகக் கொண்டாலும் அது பூச்சிமருந்தைப்போல் பதினாயிரம் மடங்கு. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஒரு திருடனைப் பிடிக்கச் சென்ற காவலனைப் போலாகிறது துகளின் நிலை. வழியில் உள்ள பதினாயிரம் பேரும் அவன் கையைப் பற்றிக்கொள்கின்றனர்.

இவ்வளவையும் அறிந்த பின்பே திருவனந்தபுரத்து ஆராய்ச்சிக் கூடத்தின் வேலையை மதிப்பிட முடியும். நகரின் தென்கிழக்கே பாப்பனங்கோட்டில், 1975ஆம் ஆண்டில் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் நிறுவிய கூடம் உள்ளது. வட்டார ஆராய்ச்சிக் கூடம் என்று நெடுங்காலம் அறியப்பட்ட அது, 2007இல் தேசியப் பல்துறை விஞ்ஞானத் தொழில்நுட்ப நிறுவனம் என்று பெயர் மாறிற்று. கேரளக் கடற்கரையின் தாதுமணல் அதன் ஆராய்ச்சிப் பொருள்களுள் ஒன்று. அங்கு வாரியர் முதலிய விஞ்ஞானிகள், கரைசலிலிருந்து நுண்துகளாக டைட்டேனியாவை வளர்க்கும் முறையிலும், அனட்டேஸ் படிகம் சூளைச் சூட்டிலும் மாறாமல் நிற்கச் செய்வதிலும் பல ஆண்டுகள் உழைத்தனர்.

அக்கூடத்தினர் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நம் கருத்தைக் கவர்கிறது. நுண்துகளை நீரில் இடுவது எளிது. திரும்ப எடுப்பது அரிது. வடிதாளில் நிற்காது, படிய நாளாகும். அவர்கள் துகளின் நடுவே கோபால்ட்டு ஃபெரைட்டு என்னும் காந்தப்பொருளை வைத்து, அதைச் சிலிக்காவால் போர்த்தி, மேற்புறத்தில் டைட்டேனியத்தாலான நுண்குழாய்களை வளர்த்தனர். நடுவில் உள்ள சிலிக்கா ஒரு மதில்போல் நின்று மேற்புறத்தையும் காந்தத்தையும் பிரித்து வைக்கிறது. நீல நிறமுள்ள மெத்திலீன் புளூ சாயம் கலந்த நீரில் இதை இட்டபோது, ஒளியில்லாத இருளிலேயே சாயம் குழாய்களின்மேல் ஒட்டிக்கொண்டது. பின்பு காந்தத்தைக் காட்ட, சாயத்தைச் சுமந்த துகள்கள் நீரைவிட்டுப் பிரிந்தன. அழிப்பதை வேறு, அள்ளுவதை வேறு என்று பிரித்து, அள்ளுவதை முதலில் வைத்த இவ்வழி, ‘பொடியைத் தூவினால் போதும்’ என்னும் ஆரவாரப் பேச்சைவிட எவ்வளவோ மேலானது என்று நாம் கருதுகிறோம்.

ஆயினும் மெத்திலீன் புளூ ஓர் ஆய்வுக்கூடச் சாயம். அது நேர்மின்னேற்றம் உடையது. காரநீரில் எதிர்மின்னேற்றம் கொண்ட துகளை அது விரும்பி நாடும். பருத்தித் துணிக்கு ஏற்றும் சாயங்களோ பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் உடையவை. அத்துடன் சாயத் தொட்டியில் உப்பு லிட்டருக்குப் பல கிராம் கணக்கில் கொட்டப்படுகிறது. திருப்பூரில் நொய்யலாற்றில் ஓடியது அத்தகைய நீரே. உழவர்கள் தொடுத்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டதை நாம் அறிவோம். வாலைநீரில் கரைத்த ஒரு சாயத்தில் வென்ற துகள், நொய்யலின் உப்பு நீரில் திரண்டு படிந்துவிடவும், வேண்டிய சாயத்தை விலக்கித் தள்ளவும் கூடும். ‘நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நீக்கிற்று’ என்று படிக்கும்போது, எந்த நீரில் என்று கேட்க நேயர்கள் தயங்கலாகாது.

நானோ துகள் நம் நாட்டில் வீட்டு நீர்வடிப்பானுக்குள் நுழைந்த வரலாறு சென்னையில் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில், கேரளத்தில் பிறந்தவரான பேராசிரியர் பிரதீப்பும் அவருடைய மாணவர்களும், வெள்ளி நுண்துகள்மேல் கார்பன் டெட்ராகுளோரைடு பட்டால் அது வெள்ளிக் குளோரைடாகவும் கரியாகவும் சிதைவதை 2003இல் வெளியிட்டனர். பெரிய வெள்ளிக் கட்டி இச்செயலைச் செய்யாது, நுண்துகள் செய்கிறது. எண்டோசல்ஃபான், மாலத்தியான், குளோர்பைரிஃபாஸ் ஆகிய பூச்சிமருந்துகளையும் தங்கத் துகளும் வெள்ளித் துகளும் நீரிலிருந்து கவர்வதை அவர்கள் கண்டனர். புட்டிநீரில் பூச்சிமருந்து இருக்கிறதென்று அதே ஆண்டில் நாடெங்கும் எழுந்த பரபரப்பு இவ்வாராய்ச்சிக்கு ஒரு தேவையைக் காட்டிற்று. அலுமினாவின்மேல் பதித்த துகள்களைக் கொண்ட வடிப்பான் 2007இல் விற்பனைக்கு வந்தது. இங்கு ஒளி வேண்டியதில்லை. ஆனால் வெள்ளி செலவாகிவிடும். டைட்டேனியம் தொழிலாளியைப் போன்றது. வெள்ளி விறகைப் போன்றது.

எண்டோசல்ஃபானைப் பற்றிக் கேரளத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாநிலத்தின் வடகோடியான காசர்கோட்டில், முந்திரித் தோட்டங்களின்மேல் 1970களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து அம்மருந்து தெளிக்கப்பட்டது. அங்குள்ள ஊர்கள் அதன் கொடுமையை இன்றும் சுமக்கின்றன. 2011இல் சர்வதேச உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் அது சேர்ந்தது. அதே ஆண்டு மே மாதம் நம் உச்ச நீதிமன்றமும் தடுத்தது. இம்மருந்து பிராணவாயுவோடு கூடினால் எண்டோசல்ஃபான் சல்ஃபேட்டு ஆகும். அதுவும் நஞ்சே, தாயைப்போல் கொடியது. ஆகவே பாதியில் நின்ற சிதைவு மாசை நீக்கியதாகக் கணக்கில் ஏறினாலும், நஞ்சை நீக்கியதாகாது. மருந்து மறைந்ததா என்று பார்ப்பவர், அது என்னவாக மாறியது என்றும் பார்க்க வேண்டியுள்ளது.

துகள் எதிர்த்திசையில் வேலை செய்வதும் உண்டு. 2007இல் சீன ஆய்வாளர்கள் கெண்டையினத்து மீன்களைக் காட்மியம் கலந்த நீரில் வளர்த்தனர். நீரில் டைட்டேனியா நுண்துகளும் இருந்தபோது மீனின் உடலில் சேர்ந்த காட்மியம் இருமடங்குக்கும் மேலாயிற்று. காட்மியம் கரிமப் பொருளன்று எனினும், பாடம் ஒன்றே: மாசைக் கவர்ந்துகொண்ட துகளை மீன் விழுங்கினால், துகள் பல்லக்காகிவிடுகிறது. 2008இல் ஸ்விட்சர்லாந்தில், வர்ணம் பூசிய வீட்டுச் சுவர்களிலிருந்து மழையோடு வழிந்த நீரை ஆராய்ந்தவர்கள், 20 முதல் 300 நானோ மீட்டர் வரை பருமனுள்ள டைட்டேனியத் துகள்கள் ஓடையை அடைவதைக் கண்டனர். பழைய வர்ணக்காரர்கள் விரலில் கண்ட மாவுதான் அது. சாய ஆலைகள் செய்யும் பொடியின் சராசரிப் பருமன் 200 முதல் 300 நானோ மீட்டர். எனினும் அதனுள் நூறுக்கும் குறைந்த துகள்கள் ஒரு பகுதி கலந்தே இருக்கும். உணவுக்கு வெண்மையூட்ட இப்பொடியைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை செய்தது.

ஆக, வெண்பொடியை நீரில் சேர்க்கலாமா என்பதைவிட, ஏற்கெனவே சேர்ந்துகொண்டிருக்கும் பொடி என்ன செய்கிறது என்பதே அவசரமான ஆராய்ச்சி. வேளி அதற்கு ஏற்ற இடம். ஆக்குளம் ஏரியின் நீர் வேளி ஏரியோடு கூடி, மணல்திட்டு உடையும் காலத்தில் பொழிமுகத்தின் வழியே கடலில் இறங்குகிறது. நகரத்தின் கழிவும் இலைதழைச் சாறும் அந்நீரில் கலந்து வருகின்றன. 2021 பிப்ரவரியில் டைட்டேனியம் ஆலையிலிருந்து கசிந்த உலை எண்ணெய் அக்கடலில் பரவி, வேளிக்கும் சங்குமுகத்திற்கும் இடைப்பட்ட கரையில் கரிய எண்ணெய் ஒதுங்கிற்று. கரைமணலை எண்ணெயோடு அள்ளி அகற்ற நேர்ந்தது. நன்னீரும் உப்புநீரும், துகளும் எண்ணெயும் சந்திக்கும் இத்தகைய முகத்துவாரம் ஆய்வுக்கூடக் குடுவையில் அடங்காது.

அங்கு நடப்பதை ஒருவாறு கூறலாம். ஏரிநீரில் இலைதழைச் சாறு போர்த்தியதால் பிரிந்து மிதந்த நுண்துகள்கள், பொழிமுகத்தில் கடலுப்பைக் கண்டதும் திரளத் தொடங்கும். திரள்வனவற்றோடு அவற்றில் ஒட்டிய எண்ணெய்ப் பசையும் மருந்தும் கீழே இறங்கும். மேல்நீர் தெளியும். அடிச் சேற்றுக்குப் புற ஊதாக் கதிர் எட்டாது. ஆகவே அங்கு வெண்பொடி எதையும் அழிக்காது, சுமந்துகொண்டு மட்டும் கிடக்கும். சேற்றில் புதைந்து வாழும் சிப்பிகள் நாள்தோறும் பல லிட்டர் நீரை உறிஞ்சி வடித்து உண்பவை. கழிமுகத்து நீரைச் சோதிப்போர் மேல்நீரில் ஒரு புட்டி எடுத்துச் செல்லும்போது, சேற்றிலிருந்தும் ஒரு பிடியும், சிப்பிகளில் ஒரு கூடையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.